பால் விலைக்காகப் பேசியவர்கள்

சிலிபின் லூர்து மாதா கோயில் பக்கத்துக் காப்பிக்கடையில் பெரியப்பா கேட்டார், "யுனிவர்சிட்டில என்னடா பண்றீங்க?" தீபாவளி நிகழ்ச்சி, நடனப் போட்டி என்றேன். "அவ்வளவுதானா? அந்தக் காலத்துப் பசங்க எங்க பால் வெலைக்காக ரோட்டுல எறங்குனாங்க."

அவர் சொன்னது 1974 டிசம்பர். ரப்பர் விலை சரிந்து, கெடா மாநிலத்துப் பாலிங்கில் மக்கள் பசியென்று திரண்டார்கள். பெரும்பாலும் மலாய்ச் சிறுதோட்டக்காரர்கள். பெரியப்பாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை; பால் வெட்டியவனெல்லாம் "எங்க" ஆள்தான். கோலாலம்பூரில் ஆதரவாகக் கூடிய மாணவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் கைதானார்கள். இளைஞர் தலைவராக இருந்த அன்வார் இப்ராஹிம் விசாரணையின்றிக் கமுந்திங்கில் கிடந்தார்.

மலாயாப் பல்கலைக்கழகத்தில் அதற்குமுன் 'சுடுட் பிடாத்தோ' என்றொரு பேச்சு மேடை இருந்தது. ஏறி நின்று நாட்டு நடப்பைப் பேசலாம். 1971இல் வந்த பல்கலைக்கழகச் சட்டத்தை 1975இல் திருத்தி இறுக்கினார்கள். மேடை போனது, மாணவர் சங்கமும் கலைக்கப்பட்டது. கட்சி, தொழிற்சங்கம் எதோடும் ஒட்டக்கூடாது. என்னைக் கேட்டால் எழுத்தை முடக்கியது வேறொரு பிரிவு: சங்கத்தின் பெயரில் பணம் திரட்டத் தடை. காசில்லாமல் இதழ் எப்படி அச்சாகும்?

2012இல் கட்சியில் சேரலாம் என்றார்கள். 2018 இறுதியில் வளாக அரசியலுக்கும் தடை நீங்கியது. நான் படித்தது அதற்கெல்லாம் முன்பு. தோட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பம் பற்றிய என் கதையைச் சுவரிதழில் ஒட்டுவதாக இருந்தோம். யாரும் தடுக்கவில்லை. "எதுக்குடா வம்பு" என்று நாங்களே எடுத்துவிட்டோம்.

இதைப் பெரியப்பாவிடம் சொல்லவில்லை. காப்பிக்கு அவர்தான் காசு கொடுத்தார்.