சென்னைப் பல்கலைக்கழக ஆட்சிமுறை (19ஆம் நூற்றாண்டு)

19ஆம் நூற்றாண்டில் சென்னைப் பல்கலைக்கழகம் பாடம் நடத்தவில்லை. தேர்வு நடத்திப் பட்டம் வழங்குவதோடு அதன் வேலை முடிந்தது. கற்பிப்பது கல்லூரிகளின் பொறுப்பு. ஆட்சிமுறையின் நிறைகளும் குறைகளும் பெரும்பாலும் இந்த ஏற்பாட்டிலிருந்தே கிளைத்தன.

பல்கலைக்கழகம் வேண்டும் என்ற குரல் முதலில் மக்களிடமிருந்து எழுந்தது. 1839 நவம்பரில் 70,000 பேர் கையொப்பமிட்ட மனு ஆளுநர் எல்ஃபின்ஸ்டன் பிரபுவிடம் தரப்பட்டது. அதை முன்னின்று கொண்டுசென்றவர் அட்வகேட் ஜெனரல் ஜார்ஜ் நார்ட்டன். மறு ஆண்டே அவர் தலைமையில் பல்கலைக்கழக வாரியம் அமைந்தது. அது 1841இல் திறந்த உயர்நிலைப் பள்ளிதான் பின்னாளில் மாநிலக் கல்லூரியாக வளர்ந்தது. பெயரில் பல்கலைக்கழகம் இருந்தும் வாரியத்துக்குப் பட்டமளிக்கும் உரிமை இல்லை. 1846இல் ஆளுநர் ட்வீடேல், அரசுப் பள்ளிகளில் விவிலியத்தைப் பாடநூலாக்க முனைந்தார். கஜுல லட்சுமிநரசு செட்டி போன்றோர் பொதுக்கூட்டம் கூட்டி எதிர்த்தனர். லண்டனிலிருந்த கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர்களும் அதை ஏற்கவில்லை. அரசு நடத்தும் கல்வியில் மதப் பாடம் கட்டாயமாகக் கூடாது என்ற நிலைப்பாடு அந்தப் போராட்டத்தில்தான் உறுதிப்பட்டது.

சார்லஸ் வுட்டின் 1854ஆம் ஆண்டுக் கல்வி அறிக்கை லண்டன் பல்கலைக்கழகத்தை முன்மாதிரியாகக் காட்டியது. அதன்படி 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்றும் தனித்தனிச் சட்டங்களால் நிறுவப்பட்டன. சென்னைக்கான 27ஆம் சட்டம் செப்டம்பர் 5 அன்று நிறைவேறியது.

சட்டப்படி ஆளுநரே வேந்தர். முதல் வேந்தர் ஹாரிஸ் பிரபு. துணைவேந்தரை இரண்டாண்டுக் காலத்துக்கு அரசு நியமித்தது. முதலில் அப்பொறுப்பை ஏற்ற சர் கிறிஸ்டோபர் ராலின்சன் அன்றைய சென்னை உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி. வேந்தர், துணைவேந்தர், ஃபெலோக்கள் எனப்பட்ட உறுப்பினர்கள் சேர்ந்ததே செனட். தலைமை நீதிபதி, சென்னை பிஷப், ஆளுநரின் ஆலோசனை சபையினர் ஆகியோர் பதவி வழியாக இடம்பெற்றார்கள். மற்றவர்களை அரசு நியமித்தது. பொதுவாக அது ஆயுட்காலப் பதவி. எத்தனை பேரை நியமிக்கலாம் என்பதற்குச் சட்டம் உச்சவரம்பு வைக்கவில்லை. அதனால் கல்வியோடு தொடர்பற்ற பலருக்கும் ஃபெலோ பதவி ஒரு கௌரவமாகவே போய்ச் சேர்ந்தது. செனட் இயற்றும் விதிகள் அரசின் ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். அன்றாட நிர்வாகத்தைக் கவனித்த சிண்டிகேட் பற்றி 1857ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஒரு சொல்லும் இல்லை. அது பல்கலைக்கழக விதிகளால் பிறந்த அமைப்பு.

வகுப்பறையில் நிற்பவருக்கு இந்த அமைப்பில் உரிமையாக ஓர் இடமும் கிடையாது. கிறித்தவக் கல்லூரியின் வில்லியம் மில்லர் போன்ற முதல்வர்கள் செனட்டில் செல்வாக்கோடு விளங்கியது உண்மை. ஆனால் அந்த இடம் நியமனத்தால் வந்தது, ஆசிரியர் என்பதால் வந்ததல்ல. எதைத் தேர்வில் கேட்பது என்று சென்னையில் முடிவானதும், கும்பகோணத்திலும் திருச்சியிலும் என்ன கற்பிப்பது என்பதும் முடிவாகிவிடும். மாணவருக்கு எது நல்லது என்று அறிந்த ஆசிரியர், வினாத்தாளுக்குக் கட்டுப்பட்டே பாடம் நடத்த வேண்டியிருந்தது. அந்த நூற்றாண்டு ஆட்சிமுறையின் ஆகப்பெரிய குறை இதுவே. சேப்பாக்கத்தில் ராபர்ட் சிஷோம் வடிவமைத்து 1879இல் முடிந்த பெருங்கட்டடமும் செனட் இல்லம்தான். கூட்டத்துக்கும் தேர்வுக்கும் பட்டமளிப்புக்கும் எழுந்த மண்டபம் அது, கற்பிப்பதற்காக எழுந்ததல்ல.

ஆயினும் பாடம் நடத்தாத இந்த அமைப்பு ஒரு வாசலைத் திறந்துவைத்தது. தொலைவில் படித்தவரும் தேர்வில் தேறிப் பட்டம் பெற முடிந்தது. முதல் பி.ஏ. தேர்வில் தேறிய இருவருமே யாழ்ப்பாணத்தவர்: சி. வை. தாமோதரம்பிள்ளை, விசுவநாதபிள்ளை. வட்டுக்கோட்டை செமினரியில் படித்த தாமோதரம்பிள்ளை, பின்னர் ஏடுகளில் கிடந்த கலித்தொகையை 1887இல் அச்சேற்றினார்.

மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர் என்று பரந்த எல்லையில் கல்லூரிகள் பெருகப் பெருக, தேர்வு அமைப்பால் அவற்றின் தரத்தைக் கண்காணிக்க இயலவில்லை. 1902இல் அமைந்த பல்கலைக்கழக ஆணையத்தின் ஆய்வைத் தொடர்ந்து 1904ஆம் ஆண்டு இந்தியப் பல்கலைக்கழகச் சட்டம் வந்தது. அது சாதாரண ஃபெலோக்களின் எண்ணிக்கையை 50க்கும் 100க்கும் இடையே நிறுத்தி, பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கியது. ஒரு பகுதியினர் தேர்தலில் வரவும், சிண்டிகேட்டுக்குச் சட்ட ஏற்பு கிடைக்கவும் வழிசெய்தது. அரசின் பிடி மட்டும் தளரவில்லை. முன்னைவிட இறுகியது என்றே சொல்ல வேண்டும். எஸ். சுப்பிரமணிய ஐயர் துணைவேந்தர் பொறுப்பேற்ற முதல் இந்தியரானதும் அதே 1904இல்தான்.