வீணீர்த் துணியும் மருதமுனைத் தறியும்

குழந்தையின் கழுத்தில் கட்டும் சிறு துணிக்கும் வரலாறு உண்டோ என நேயர்கள் வினவலாம். அரசர்களின் முடியைப் பற்றி எழுதியோர் பலர். மழலையின் மோவாயைத் துடைத்த துணியைப் பற்றி எழுதியோர் அரியர். ஆயினும், அத்துணியின் கதை கல்முனைக் கரையோரத்தில் ஓர் ஊரின் தொழிற்கதையோடு பின்னிக் கிடக்கின்றது.

பிறந்த மூன்றாம் நான்காம் திங்களில் குழந்தையின் உமிழ்நீர்ச் சுரப்பிகள் மிகுதியாகத் தொழிற்படத் தொடங்குகின்றன. ஊறும் நீரை ஒழுங்காக விழுங்கும் பழக்கமோ அப்போது முற்றுப்பெறுவதில்லை. ஆதலின் வீணீர் வடிகின்றது. அது கழுத்து மடிப்பில் தேங்கினால் தோல் சிவந்து புண்ணாகும். இதனைத் தடுப்பதற்கே வீணீர்த் துணி.

கிழக்குக் கரையின் முஸ்லிம் ஊர்களில் மணமகன் மனைவியின் வீட்டுக்குச் சென்று வாழ்வதே நெடுநாள் வழக்கம். எனவே குழந்தை வளர்வது உம்மம்மாவின் கண்காணிப்பில். பேரப்பிள்ளைக்குத் துணி வேண்டுமாயின், அவர் புதுத்துணியை நாடுவதில்லை. பலகாலம் துவைத்து நைந்த சாரத்தையே தேடுவார். இது சிக்கனம் மட்டுமன்று. பாவு நூல் அறாதிருக்கக் கஞ்சிப் பசை இட்டே நெய்வர். பருத்தி இழையின் மேல் இயற்கையான மெழுகுப் படலமும் உண்டு. இவை நீங்கும்வரை துணி நீரை எளிதில் ஏற்பதில்லை. துவைக்கத் துவைக்க இழை திறந்து நீரை உறிஞ்சும். விஞ்ஞானம் பின்னர் விளக்கியதை உம்மம்மாவின் விரல்கள் முன்னரே அறிந்திருந்தன.

அந்தச் சாரம் பெரும்பாலும் கல்முனைக்கு வடக்கே, பாண்டிருப்பை அடுத்துள்ள மருதமுனையில் நெய்யப்பட்டது. கைத்தறியால் இலங்கை முழுதும் பெயர் பெற்ற ஊர் அது. 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாக இருந்தபோது உள்நாட்டு நெசவுக்கு நல்ல கிராக்கி இருந்தது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும் அயல்நாட்டுத் துணிகள் மலிந்தன. அவற்றுட் பல பொலியெஸ்டர் கலந்தவை. 1941இல் இங்கிலாந்தில் வின்ஃபீல்டும் டிக்சனும் கண்ட இவ்விழை கசங்காது, விரைவில் உலரும். ஆனால் சாதாரண ஈரக்காற்றிலே பருத்தி தன் எடையில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு நீரை ஏற்க, இதுவோ அரைப் பங்கும் ஏற்பதில்லை. அத்தகைய சாரம் எத்தனை முறை துவைத்து நைந்தாலும் வீணீரை நன்கு குடிக்காது. தறி ஓய்ந்தபோது சாரம் மட்டுமா போயிற்று? குழந்தைக்குரிய பழந்துணியும் அதனோடு போயிற்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையை அழித்தது. இலங்கையில் மிகுதியான உயிர்களை இழந்தது அம்பாறை மாவட்டமே. மருதமுனையின் கரையோரத்தில் வீடுகளோடு தறிகளும் சிதைந்தன. எஞ்சியோர் மீண்டும் நாடாவைக் கையில் எடுத்தனர் என்பது சிறு செய்தியன்று.

வீணீர்த் துணியை இல்லத்திலே தைப்பது எளிது. பழைய பருத்திச் சாரத்தில் இரண்டு மடிப்பு. நடுவே பழந்துவாயின் ஒரு துண்டு. துவாயின் வளையங்கள் நீர் தொடும் பரப்பைப் பெருக்குகின்றன. இவ்வகைத் துவாயைத் துருக்கியிற் கண்ட ஹென்றி கிறிஸ்டியின் குடும்ப ஆலை, 1851ஆம் ஆண்டு இலண்டன் மாபெரும் கண்காட்சியில் அதனைக் காட்சிக்கு வைத்தது. கழுத்தளவை வளைவாக வெட்டி, ஓரத்தை மடித்துத் தைத்து, பின்புறம் நாடா வைத்தல் போதும். கடைகளில் விற்கும் துணி மென்மையாக்கும் திரவத்தில் மட்டும் நனைத்தலாகாது. அது இழையின் மேற் படிந்து உறிஞ்சுதலைக் குறைக்கும். ஈரமானதும் மாற்றி, வெயிலில் உலர்த்தல் வேண்டும். குழந்தை ஏணையில் உறங்குமுன் கழுத்து நாடாவைத் தவறாது அவிழ்த்துவிட வேண்டும்.