துவக்கின் சாயல்: மட்டக்களப்பு வாவிக்கரையும் எயார்சொஃப்ட் ஆர்வலர் வாதமும்

பிளாஸ்டிக் ரவை சுடும் விளையாட்டுத் துவக்கான எயார்சொஃப்ட் துவக்கைச் சட்டம் இரண்டு விதமாக அளக்கிறது. ரவை எவ்வளவு விசையோடு பாய்கிறது என்பது ஒன்று. பார்த்தவர் கண்ணுக்கு அது மெய்த் துவக்காகத் தெரிகிறதா என்பது மற்றது. தடை வரும்போதெல்லாம் ஆர்வலர்கள் முதலாவதைப் பற்றிக்கொண்டே வாதாடுகிறார்கள். மட்டக்களப்பு வாவியின் இரு கரைகளிலும் அந்த வாதம் எடுபடாது என்பதே என் நிலைப்பாடு.

விசை வாதத்தின் தாய்நாடு யப்பான். குடிமக்கள் மெய்த் துவக்கு வைத்திருப்பது அங்கே மிக அரிது. 1970களில் இந்த விளையாட்டு அங்கே பிறந்ததற்கு அதுவும் ஒரு காரணம். விசை கூட்டித் திருத்திய துவக்குகளால் வாகனங்கள் சுடப்பட்டதை அடுத்து, 2006இல் சட்டம் 6 மி.மீ. ரவைக்கு ஏறத்தாழ 0.98 யூல் என்று எல்லை கட்டியது. ஆடுகளங்களில் ரவையின் வேகத்தை அளந்த பின்னரே ஆட்டம் தொடங்குகிறது.

பிரித்தானியா அதே ஆண்டில் சாயலைக் குறிவைத்துச் சட்டம் இயற்றியது. ஆர்வலர்கள் அதற்குள் ஒரு வழி கண்டார்கள்: 56 நாட்களுக்குக் குறையாத காலத்தில் மூன்று ஆட்டம் ஆடியவர், விற்பனையாளர் சங்கத்தின் பதிவேட்டில் இடம்பெற்று மெய்ச்சாயல் துவக்கை வாங்கலாம், மற்றவருக்குப் பளிச்சென்ற நிறத்தில்தான் கிடைக்கும். இதையே நான் மேலாக மதிக்கிறேன். ஆட்டத்தில் சேராத வழிப்போக்கரின் அச்சத்தையும் அது கணக்கில் எடுக்கிறது.

நம் பக்கம் அந்த வழிப்போக்கர் யார்? 2007 வரை வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் பெரும்பகுதி புலிகளிடமும் கிழக்குக் கரையான எழுவான்கரை அரசிடமும் இருந்தன. மண்முனையில் பாலம் 2014இல்தான் வந்தது. அதுவரை துறை கடந்தே போக்குவரத்து. துவக்கேந்தியவர் முன் அடையாள அட்டையை நீட்டி நின்றவர்கள் இன்றும் நடுத்தர வயதில் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 30இல் வவுணதீவுச் சோதனைச் சாவடியில் இரண்டு பொலிஸார் கொல்லப்பட்டபோது, சந்தேகம் முதலில் முன்னாள் போராளி ஒருவர் மீதே விழுந்தது. 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதலுக்குப் பிறகே, கொன்றவர்கள் அத்தாக்குதலை நடத்திய குழுவினர் என்ற உண்மை வெளிவந்தது. இப்படிப்பட்ட ஊரில் மெய்ச்சாயல் துவக்கோடு பிடிபடும் இளைஞனுக்கு என்ன நேரும் என்பதை, அவன் எந்தச் சமூகத்தவன் என்பதும் தீர்மானிக்கும்.

இலங்கையின் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டம் அனுமதிப்பத்திரத்தை மையமாகக் கொண்டது. ஆர்வலர்கள் அதிலிருந்து விலக்கு மட்டும் கேட்டால் போதாது. ஒளி ஊடுருவும் அல்லது பளிச்சென்ற நிற உடல், வேலியடைத்த களம், கண்காப்பு, பூட்டிய உறையில் எடுத்துச் செல்லல் ஆகியவற்றைத் தாங்களே முன்மொழிய வேண்டும். (கண்காப்பைச் சிறுபிள்ளைகளையும் எண்ணியே வற்புறுத்துகிறேன், விளையாட்டு ரவையும் விழியினுள் இரத்தக் கசிவை உண்டாக்கும், பார்வையைப் பறிக்கும்.)

நிறம் பூசினால் ஆட்டத்தின் மெய்ம்மை கெடும் என்பார்கள். கெடும்தான். ஆனால் வாவியைக் கடக்கும் வலையிறவுப் பாலத்தடியில் இரவுக் கடமையில் நிற்பவர் யூல் கணக்கைக் கேட்கப்போவதில்லை. தொலைவில் வருபவன் கையில் இருப்பது என்ன என்பதை அவர் ஒரு கணத்தில் முடிவுசெய்ய வேண்டியிருக்கிறது.