மலைநாட்டு அடுப்படியிற் பலா

கண்டி இராச்சியத்தின் உறுதியைப்பற்றிப் பேசுவோர் கணவாய்களையும் காடுகளையும் புகழ்வர். அடுப்படியைக் குறிப்பிடுவோர் மிகச் சிலரே. 1765ஆம் ஆண்டிலே தலைநகருட் புகுந்த ஒல்லாந்தர் அங்கே நிலைக்கமாட்டாது சில மாதங்களிற் பின்வாங்கினர். 1803இல் ஆங்கிலேயர் அங்கு நிறுத்திய படைக்கு நேர்ந்த கதி இதனினுங் கொடியது. நோயும் உணவு முடையும் அப்படைகளை வாட்டின. அதே மலைகளில் வாழ்ந்த குடியானவனோ, நெல்லில்லாத மாதங்களையுங் கடந்து உயிர்வாழ்ந்தான். எதனைக் கொண்டு?

இதற்குச் சாட்சி சொல்ல ஒருவர் உளர். 1660இல் கொட்டியாரக் குடாவிலே இரண்டாம் இராசசிங்கனின் ஆட்களாற் பிடிக்கப்பட்ட ஆங்கிலேயர் றொபேட் நொக்ஸ், 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டைக்குத் தப்பியோடும்வரை மலைநாட்டுக் கிராமங்களிலே வாழ்ந்தவர். 1681இல் இலண்டனில் வெளிவந்த அவருடைய நூல் பலாவைப்பற்றி விரிவாகவே கூறுகின்றது. காய் பழுக்குமுன்னரே அதிலே துளையிட்டு, கொட்டையைத் தொட்டுப்பார்த்துப் பதம் அறிவர். பின்னர் துண்டுகளாக்கி அவித்து உண்பர். அரிசியை மிச்சம் பிடிப்பதற்கே இவ்வழக்கம். ஒரு காய் ஆறேழு பேருக்குப் போதுமாம். அடுப்பங்கரை மூலையிலே பலாக்கொட்டைக் குவியல் ஒன்று கிடக்கும் என்றும், வழிப்பயணம் போவோர் அதனைப் பையிலிட்டுக் கட்டுச்சோறாகக் கொண்டுசெல்வர் என்றும் அவர் எழுதுகின்றார். அரசர்களின் வரலாற்றை எழுதுவோர் காணாத மூலையைப் பசியறிந்த கைதியின் கண் கண்டுகொண்டது.

மூலையிற் குவித்த கொட்டை நெடுநாள் நில்லாது; ஈரம் பட்டால் முளைக்கும், அன்றேல் பூஞ்சணம் பிடிக்கும். ஆகவே மலைநாட்டுப் பெண்கள் கொட்டையின் வழுவழுப்பு நீங்கக் கழுவி, நிழலிலே காற்றாட உலர்த்தி, காய்ந்த மணலுட் புதைத்துவைப்பர். மணல் ஈரத்தை உறிஞ்சிக்கொள்ளும். சுளைகளை அரைவேக்காடாக அவித்து வெயிலிலே காயவைத்தால், அதுவே சிங்களத்தில் அட்டுக்கொஸ் எனப்படும் வற்றல். அடுப்புக்கு மேலுள்ள பரணிலே புகை படிய அதனை வைப்பதுண்டு. மாரி நாளிலே வேண்டிய அளவெடுத்து, நீரில் ஊறவைத்துக் கழுவிக் கறியாக்குவர். ஈரப்பலாவையும் இவ்வாறே வற்றலாக்குவர். கழுவாமல் வைப்பதா, கழுவி வைப்பதா என்று இன்று குளிர்ப்பெட்டியின் முன்னே எழும் வினாவுக்கும் விடை இதுவே: கழுவினால் நன்றாக உலர்த்த வேண்டும், உலர்த்த இயலாவிடின் சமைக்கும்போது கழுவலாம். பலாமரத்தைச் சிங்களர் சோற்று மரம் என்றழைப்பது வெறும் உபசாரமன்று.

1942இலே பர்மா யப்பானியர் கைப்பட, அங்கிருந்து இலங்கைக்கு வந்த அரிசி நின்றது. அக்காலத்தில் இம்மரமும் கிழங்குகளுமே பல குடும்பங்களுக்குக் கைகொடுத்தன.

ஆயினும் அதே மலைகளில் வாழ்ந்த தோட்டத் தொழிலாளருக்கு இச்சேமிப்பு எட்டவில்லை. தமிழகத்திலிருந்து வந்து காப்பியும் தேயிலையும் வளர்த்த அவர்களுட் பெரும்பாலோருக்குச் சொந்தமாக ஒரு மரம் நட நிலமில்லை. லயத்தின் ஓர் அறைக்குள்ளே பரண் கட்டவும் இடமேது? கூலியும் பங்கீட்டு அரிசியுமே அவர்களின் களஞ்சியம். 1973, 1974ஆம் ஆண்டுகளில் அரிசியும் மாவும் அரிதாகி விலையேறியபோது, தோட்டப் பகுதிகளிலே இறப்பு வீதம் நாட்டின் ஏனைய பகுதிகளைக் காட்டிலும் மிக உயர்ந்தது.