டார்வினின் குடித்தனம்

பெரிய மனிதர்களின் சரித்திரத்தை எழுதுகிறவர்கள் பெரும்பாலும் அவர்கள் வீட்டு வாசல் திண்ணையோடு நின்றுவிடுகிறார்கள். உள்ளே போய், எத்தனை மணிக்குச் சாப்பிட்டார்கள், ராத்திரி படுக்கப் போகுமுன் என்ன செய்தார்கள், புருஷனும் பெண்டாட்டியும் எதற்காகச் சண்டை போட்டுக்கொண்டார்கள் என்றெல்லாம் கேட்பது மரியாதைக் குறைவு என்று நினைத்துக்கொள்கிறார்கள். கதை எழுதுகிறவனுக்கு இந்தக் கூச்சம் கிடையாது. சார்லஸ் டார்வினின் சித்தாந்தத்தைப் பற்றி விஞ்ஞானிகள் சொல்லட்டும். எனக்கு அவருடைய குடித்தனத்தின் மேல்தான் கண்.

டார்வினின் தாயார் ஸூஸன்னா. அவளுடைய தம்பி ஜோஸையா வெட்ஜ்வுட். பீங்கான் பாத்திரங்களுக்குப் பேர்போன வெட்ஜ்வுட் குடும்பம் அது. அந்தத் தம்பியின் பெண்தான் எம்மா. நம் ஊர்க் கணக்கில் சொன்னால் அம்மான் மகள், அசல் முறைப்பெண். அவள் பிறந்தது 1808 மே மாதம். அவர் பிறந்தது 1809 பிப்ரவரி. ஒன்பது மாதம் மூத்தவள் என்ற ஒன்றைத்தான் நம் வீட்டுக் கிழவிகள் ஆட்சேபித்திருப்பார்கள்.

ஐந்து வருஷம் 'பீகிள்' கப்பலில் உலகத்தைச் சுற்றிவிட்டு 1836-ல் ஊர் திரும்பிய டார்வினுக்கு, கல்யாணம் செய்துகொள்ளலாமா வேண்டாமா என்று ஒரு குழப்பம். 1838-ஆம் வருஷம் ஜூலை மாதம், வியாபாரி வரவு செலவு எழுதுவதுபோல், ஒரு காகிதத்தில் இரண்டு பத்தி போட்டு எழுதினார். செய்துகொண்டால் குழந்தைகள் உண்டு. வயசான காலத்தில் துணை உண்டு. வீட்டில் சங்கீதமும் பெண் பேச்சும் இருக்கும். எப்படியும் நாய் வளர்ப்பதைவிட மேல் என்றும் ஒரு வரி. செய்துகொள்ளாவிட்டால் இஷ்டப்படி ஊர் சுற்றலாம். கிளப்பில் அறிவாளிகளோடு பேசலாம். புஸ்தகம் வாங்கக் கையில் காசு இருக்கும். பந்துக்கள் வீட்டுக்குப் போய் உட்கார வேண்டியதில்லை. கடைசியில் ஜியோமிதிக் கணக்கை முடிப்பதுபோல், கல்யாணமே சரி என்று மும்முறை எழுதி முடித்துவிட்டார். மனிதர் எவ்வளவு பெரிய மேதையானாலும் இந்த விஷயத்தில் நம்மைப் போலத்தான் இருந்திருக்கிறார் என்பதில் எனக்குப் பரம திருப்தி.

அதே வருஷம் நவம்பர் 11-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை, அம்மான் வீட்டுக்குப் போய் எம்மாவைக் கேட்டார். அவள் சம்மதித்தாள். சம்மதித்த கையோடு, வழக்கம்போல் ஞாயிறு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கப் புறப்பட்டுப் போனாள். மனசு நிலைகொள்ளாமல் பாதியில் திரும்பி வந்தாளாம்.

1839 ஜனவரி 29-ந் தேதி கல்யாணம். அன்றைக்கே ரயிலேறி, பெட்டியில் உட்கார்ந்து ரொட்டித் துண்டும் ஒரு புட்டி ஜலமுமாகச் சாப்பிட்டுக்கொண்டே லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். அப்பர் கோவர் தெருவில் 12-ஆம் நம்பர் வாடகை வீடு. சுவர்களுக்கும் திரைச்சீலைகளுக்கும் கண்ணைப் பறிக்கும் நிறங்கள். பஞ்சவர்ணக் கிளிக் கூண்டு என்று பொருள்படும்படி டார்வின் அந்த வீட்டுக்கு ஒரு பரிகாசப் பெயர் வைத்தார்.

கூண்டு அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதற்குள் குடிபோகும்போதே ஒரு முள்ளும் கூடப் போயிற்று.

டார்வினுக்கு அப்போதே மதத்தில் நம்பிக்கை ஆட்டங்கண்டிருந்தது. "உன் சந்தேகங்களை மனைவியிடம் மூடி வை" என்ற கருத்தில் அவர் தகப்பனார் எச்சரித்தார். அவர் பழுத்த வைத்தியர். எத்தனையோ வீடுகளின் அந்தரங்கம் தெரிந்தவர். பிள்ளை கேட்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னாலேயே எம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

எம்மா பக்தியுள்ள பெண். அவளுக்குப் பிரியமான தமக்கை பான்னி 1832-ல் இறந்துபோனாள். மறு உலகத்தில் அவளைப் பார்ப்போம் என்ற நம்பிக்கையைப் பற்றிக்கொண்டிருந்தவள். கல்யாணமான சில வாரங்களில், நேரில் பேசத் தயங்கி, புருஷனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். நிரூபணம் இல்லாத எதையும் நம்புவதில்லை என்ற விஞ்ஞானப் பழக்கம், நிரூபிக்க முடியாத விஷயங்களிலும் உங்களைப் பாதித்துவிடக் கூடாதே என்பது அதன் சாரம். உங்களைப் பற்றிய எதுவும் என்னைப் பற்றியதே. நாம் என்றென்றைக்கும் ஒருவருக்கொருவர் சொந்தம் இல்லை என்று ஆகிவிட்டால் என்னால் தாங்க முடியாது என்றும் எழுதியிருந்தாள். வைவும் இல்லை, அழுகையும் இல்லை. டார்வின் அந்தக் கடிதத்தைப் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

1842 செப்டம்பரில் சொந்த வீட்டுக்குக் குடிபோனார்கள். கெண்ட் ஜில்லாவில் டவுன் என்ற கிராமம். லண்டனிலிருந்து 16 மைல். வீட்டின் விலை சுமார் 2,200 பவுன். தகப்பனார் கொடுத்த பணம். எம்மா அப்போது நிறை கர்ப்பிணி. வந்த சில நாட்களில் மேரி என்ற பெண் பிறந்தது. மூன்று வாரம் இருந்துவிட்டுப் போய்விட்டது. புது வீட்டிலிருந்து முதலில் வெளியே போனது ஒரு சின்னச் சவப்பெட்டிதான். அப்படிப்பட்ட வீட்டை ராசியில்லை என்று நாம் விற்றிருப்போம். அவர்கள் அதே வீட்டில் நாற்பது வருஷம் இருந்தார்கள்.

தெருவில் போகிறவர்கள் எட்டிப் பார்க்கிறார்கள் என்று டார்வின் தெருவையே ஆழமாக வெட்டித் தாழ்த்தினார். யார் வருகிறார்கள் என்று உள்ளிருந்தே பார்க்க ஜன்னலுக்கு வெளியே ஒரு கண்ணாடி மாட்டினார். தோட்டத்துக்கு அப்பால் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, மரம் நட்டு, சுற்றிவர ஒரு மணல் நடைபாதை அமைத்தார். அதில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கல்லைக் காலால் தட்டிவிடுவார், அதுதான் கணக்கு.

பெருமாள் கோயில் நித்தியப்படி போல நடந்தது அந்த வீட்டு வாழ்க்கை. காலையில் சிறிது நடை. ஏழே முக்காலுக்குச் சிற்றுண்டி. எட்டிலிருந்து ஒன்பதரை வரை வேலை. பிறகு சோபாவில் படுத்துக்கொள்வார். தபாலும் நாவலும் வாசித்துக் காட்டப்படும். மறுபடி பன்னிரண்டு வரை வேலை. பிறகு நடை, சாப்பாடு, பத்திரிகை, கடிதங்கள். மூன்று மணிக்கு மறுபடியும் படுக்கை, மறுபடியும் நாவல். வாசிப்பது அநேகமாக எம்மா. இடையில் அவர் தூங்கிப்போவதும் உண்டு.

அவருக்குப் பிடித்த நாவல் சுகமாக முடிகிற நாவல். துக்கமாக முடிக்கும் ஆசிரியர்களைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும் என்ற தோரணையில் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். உயிர் இனமே போராட்டத்தாலும் சாவாலும் உருவாகிறது என்று பகலெல்லாம் எழுதியவர் அவர். மாலையில் கதாநாயகிக்காவது கல்யாணம் ஆகட்டும் என்று அவர் ஆசைப்பட்டதை என்னால் குறைசொல்ல முடியவில்லை.

ராத்திரி எம்மாவோடு இரண்டு ஆட்டம் சொக்கட்டான், அந்த ஊர்ச் சொக்கட்டான். 1876-ல் ஒரு அமெரிக்க நண்பருக்கு எழுதினார்: எம்மா ஜயித்தது 2,490 ஆட்டம், தாம் ஜயித்தது 2,795! வருஷக்கணக்காகக் குறித்து வைத்திருந்த கணக்கு. பாவம் அவள் என்று பச்சாதாபம் வேறு. பிறகு எம்மா பியானோ வாசிப்பாள். அவருக்கோ ஸ்வரஞானம் சூனியம். மண்புழுவைப் பற்றி ஆராய்ந்தபோது, புழு இருந்த தொட்டியைப் பியானோவின் மேல் வைத்து, கட்டையைத் தட்டச் செய்து, அதிர்ச்சியில் புழு உள்ளே இழுத்துக்கொள்வதைக் கவனித்தார். 1881-ல் வந்த புஸ்தகத்தில் இதுவும் இருக்கிறது. எம்மாவுக்குப் பொறுமை சாஸ்தி.

எம்மாவின் சமையல் குறிப்புப் புஸ்தகத்தில் ஒரு பக்கம் மட்டும் டார்வினின் கையெழுத்து. விஷயம், சோறு வடிப்பது! உப்புப் போட்ட ஜலம் நன்றாகக் கொதிக்கும்போது அரிசியைப் போட வேண்டும்; கடிகாரத்தைப் பார்த்துப் பன்னிரண்டு நிமிஷம்; பிறகு கஞ்சியை வடித்துவிட்டுப் பானையைப் பத்து நிமிஷம் தணலில் வைக்க வேண்டும். கடிகாரத்தைத் தவிர மற்றதெல்லாம் நம் பாட்டிகளுக்குத் தெரிந்ததே.

பத்துக் குழந்தைகள் பிறந்தன, ஏழு தங்கின. மாடிப்படியில் பலகை போட்டுச் சறுக்கும் குழந்தைகள். அப்பாவின் கையெழுத்துப் பிரதியின் பின்பக்கத்தில் படம் வரையும் குழந்தைகள். உலகத்தையே உலுக்கிய 'உயிரினங்களின் தோற்றம்' நூலின் மூலப் பிரதியில் சில தாள்கள், அவற்றின் பின்னால் பிள்ளைகள் கிறுக்கிய காரணத்தினாலேயே தப்பிப் பிழைத்தன.

விடுமுறைக்கு வெளியூர் போவது அந்த வீட்டில் உல்லாசத்துக்காக அல்ல, பெரும்பாலும் உடம்புக்காக. டார்வினுக்குச் சொல்லத் தெரியாத ஒரு நோய். வாந்தி, மயக்கம், படபடப்பு. 1849-ல் குடும்பத்தோடு மால்வர்ன் என்ற மலையூருக்குப் போய், டாக்டர் கல்லி என்பவரிடம் ஜல சிகிச்சை செய்துகொண்டார். ஈரத்துணி சுற்றுவது, பச்சைத் தண்ணீரைக் கொட்டுவது. அவருக்குக் குணம் தெரிந்தது. அந்த நம்பிக்கையில், 1851-ல் மூத்த மகள் ஆன்னிக்கு உடம்பு சரியில்லாதபோது அங்கேயே கொண்டுபோய் விட்டார்.

எம்மா மறுபடியும் நிறை கர்ப்பிணி. கூடப் போக முடியவில்லை. டார்வின் மகளின் படுக்கையருகில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்தாள், சிரித்தாள், வாந்தி எடுத்தாள் என்று ஒன்று விடாமல் டவுனுக்கு எழுதினார். ஏப்ரல் 23-ந் தேதி ஆன்னி இறந்தாள், வயது பத்து. அடக்கத்துக்குக்கூட நிற்காமல் அவர் எம்மாவிடம் ஓடி வந்தார். இறந்தவளுக்குச் செய்ய இனி ஒன்றுமில்லை, இருப்பவளுக்குச் செய்ய உண்டு என்று நினைத்திருப்பார். மூன்றே வாரத்தில் அடுத்த பிள்ளை பிறந்தது. ஆன்னியின் எழுத்துப் பெட்டியை எம்மா சாகும்வரை வைத்திருந்தாள். ஒருவருக்கு அந்தச் சாவு, நியாயமுள்ள கடவுள் என்ற எண்ணத்தின் கடைசி வேரையும் அறுத்தது. மற்றவருக்கு, மறு உலகத்தில் பார்க்க வேண்டியவர்களின் எண்ணிக்கை ஒன்று கூடியது. ஒரே துக்கந்தான். ஆளுக்கு ஒரு திசையில் இழுத்தது. ஆனாலும் சொக்கட்டான் பலகை ராத்திரிதோறும் விரிந்தது.

இன்னொரு பயமும் அவர் மனசை அரித்துக்கொண்டிருந்தது. நெருங்கிய உறவில் மணந்ததால்தான் குழந்தைகள் நோஞ்சானாகப் பிறக்கின்றனவோ? 1871 ஜனத்தொகைக் கணக்கில் இதைப் பற்றி ஒரு கேள்வி சேர்க்க வேண்டுமென்று முயன்றார், பார்லிமெண்டு மறுத்துவிட்டது. அத்தை மகள், மாமன் மகள் என்று சம்பந்தம் செய்துவந்த நம் ஊருக்கு அந்தக் கேள்வி அந்நியமானதல்ல.

1858 ஜூனில் இரண்டு இடிகள் சேர்ந்து விழுந்தன. இதே சித்தாந்தத்தைத் தாமும் கண்டதாக வாலஸ் என்பவர் கீழ்த்திசைத் தீவுகளிலிருந்து எழுதினார். அதே மாதம் 28-ந் தேதி, ஒன்றரை வயதுக் கடைக்குட்டி விஷ ஜுரத்தில் இறந்தான். ஜூலை முதல் தேதி லின்னேயன் சங்கத்தில் இருவர் கட்டுரைகளும் வாசிக்கப்பட்டபோது டார்வின் அங்கே இல்லை. மற்றக் குழந்தைகளைக் காப்பாற்ற எம்மாவும் அவரும் ஐல் ஆப் வைட் தீவின் கடற்கரைக்குப் போனார்கள். அந்தக் கடற்கரை விடுதியில்தான் அவர் புஸ்தகத்தை எழுத ஆரம்பித்தார். 1859 நவம்பர் 24-ந் தேதி அது வெளியானபோதும் அவர் ஊரில் இல்லை; யார்க்‌ஷயரில் இல்க்லி என்ற குளிரூரில் மறுபடியும் ஜல சிகிச்சை. எம்மாவும் குழந்தைகளும் கூட இருந்தார்கள்.

அந்தப் புஸ்தகத்துக்கும் எம்மாவுக்கும் ஒரு பழைய கணக்கு உண்டு. 1844-லேயே தம் சித்தாந்தத்தை ஒரு கட்டுரையாக எழுதி முடித்த டார்வின், ஜூலை 5-ந் தேதி அவளுக்கு ஒரு கடிதம் எழுதினார். நான் திடீரென்று இறந்துபோனால், 400 பவுன் செலவழித்து, தகுந்த ஆளைப் பிடித்து, இதை நீ வெளியிட வேண்டும். எந்தக் கருத்து தன் புருஷனைத் தன்னிடமிருந்து நித்தியமாகப் பிரித்துவிடுமோ என்று அவள் அஞ்சினாளோ, அந்தக் கருத்தைக் காப்பாற்றும் பொறுப்பை அவளிடமே ஒப்படைத்தார். அவளும் கட்டுரையைப் படித்தாள். கண் என்னும் உறுப்பு படிப்படியாக உண்டாயிற்று என்ற இடத்தில், இது பெரிய ஊகம் என்று ஓரத்தில் குறித்து, தன் பெயரின் முதலெழுத்துக்களைப் போட்டாள். பிற்காலத்தில் அச்சுப் பிழை திருத்தவும் உதவினாள். நான் அறிந்த கதைகளில் இதற்கு மேற்பட்ட தாம்பத்தியம் இல்லை.

பின் வயதில் கொஞ்சம் சந்தோஷமான பயணங்களும் உண்டு. 1868-ல் ஐல் ஆப் வைட்டில் பிரெஷ்வாட்டர் என்ற இடத்தில், போட்டோப் படக் கலையில் பேர்பெற்ற ஜூலியா மார்கரெட் காமரனின் வீட்டில் வாடகைக்குத் தங்கினார்கள். தாடியுடன் டார்வின் பக்கவாட்டில் பார்க்கும் புகழ்பெற்ற படம் அப்போது எடுத்ததே. கல்கத்தாவில் பிறந்த அந்த அம்மாள் பிற்காலத்தில் கணவரோடு இலங்கையின் காப்பித் தோட்டத்துக்குப் போய், 1879-ல் அங்கேயே காலமானாள்.

குளிர்காலத்தில் லண்டனில் அண்ணா எராஸ்மஸ் வீட்டில் சில நாள் தங்குவதும் வழக்கம். 1874 ஜனவரியில் அங்கே ஆவிகளை அழைக்கும் கூட்டம் ஒன்று நடந்தது. நாவலாசிரியை ஜார்ஜ் எலியட்கூட வந்திருந்தாள். டார்வின், புழுக்கமாயிருக்கிறது என்று மாடிக்குப் போய்ப் படுத்துக்கொண்டார். ஆவிகள் அப்புறந்தான் வந்தனவாம்.

1882 ஏப்ரல் 19-ந் தேதி, டவுன் வீட்டில், எம்மா பக்கத்திலிருக்க, டார்வின் காலமானார். ஊர்க் கோயில் தோட்டத்தில், குழந்தைகளின் அருகே படுக்க வேண்டுமென்பது அவர் ஆசை. நண்பர்களும் பார்லிமெண்டு அங்கத்தினர்களும் விடவில்லை. வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் ராஜமரியாதையோடு அடக்கம் செய்தார்கள். எம்மா போகவில்லை. டவுனிலேயே இருந்துவிட்டாள்.

பிறகு பதினாலு வருஷம் இருந்தாள். கேம்பிரிட்ஜில் ஒரு வீடு வாங்கி, குளிர்காலமெல்லாம் அங்கே பிள்ளைகள் பேரன்மாரோடு. கோடைக்கு டவுன் வீடு. 1887-ல் மகன் பிரான்ஸிஸ் தகப்பனாரின் சுயசரிதையை அச்சிட்டபோது, மதத்தைப் பற்றிய சில கடுமையான வாக்கியங்களை எடுத்துவிடச் சொன்னாள். பொய்யென்பதற்காக அல்ல, படிக்கிற பழைய சிநேகிதர்கள் மனம் புண்படுமே என்று. எடுத்தார்கள். 1958-ல் பேத்தி நோரா பார்லோ அவற்றைத் திரும்பச் சேர்த்து வெளியிட்டாள். பாட்டியின் வெட்டும் பேத்தியின் ஒட்டும் இரண்டுமே எனக்கு நியாயமாகப் படுகின்றன.

எம்மா 1896 அக்டோபர் 2-ந் தேதி இறந்தாள். டவுன் கோயில் தோட்டத்தில் அவளை அடக்கம் செய்தார்கள். என்றென்றைக்கும் பிரிந்துவிடுவோமோ என்று பயந்தவளுக்கும் அவருக்கும் நடுவில் பதினாறு மைல்.

முதலில் சொன்ன கடிதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலை நூல் நிலையத்தில் இருக்கிறது. அதன் அடியில் டார்வின் பிற்பாடு ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறார். நான் இறந்த பிறகு தெரிந்துகொள், இதை எத்தனையோ தடவை முத்தமிட்டு அழுதிருக்கிறேன் என்பது அதன் பொருள். அவள் கேட்ட கேள்விக்கு அது பதில் அல்ல. அந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இருக்கவுமில்லை. ஆனாலும் அந்த ஒரே தாளில் இரண்டு பேருடைய எழுத்தும் சேர்ந்து கிடக்கிறது.