கணி

சங்கத் தமிழில் ‘கணி’ என்றால் நாளும் கோளும் பார்த்துப் பலன் சொல்பவர். கணியன் பூங்குன்றனாரின் பெயரில் ஒட்டியிருப்பதும், சிலப்பதிகாரத்தில் சேரன் அவையிலிருக்கும் பெருங்கணியைக் குறிப்பதும் இந்தச் சொல்லே. எண்ணுதல், மதித்தல் என விரிந்த இந்த வேரிலிருந்துதான் 20ஆம் நூற்றாண்டில் ‘கணினி’ முளைத்தது. இலங்கையில் பலருக்கு அது ‘கணனி’. ‘கணிப்பு’ மட்டும் அளவீட்டையும் ஊகத்தையும் இன்றுவரை ஒன்றாகவே சுமக்கிறது.

சோதிடர் வீட்டுத் திண்ணை இப்போது இயந்திரத்துக்குள் போய்விட்டது.

யாருக்கு உதவி என்று கணிப்பதும் அப்படித்தான். இலங்கையில் 2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ நலன்புரித் திட்டம், 22 குறிகாட்டிகளால் குடும்பங்களின் வறுமையைப் புள்ளிகளாக்கியது. பட்டியல் வெளியானதும் இலட்சக்கணக்கான மேன்முறையீடுகள் குவிந்தன. பெயர் விடுபட்டவருக்கு, எந்தப் புள்ளி தன்னைத் தள்ளியது என்பதே புதிர்.

கிழக்கிலங்கையின் படுவான்கரையில், மண்டூர்க் கந்தசுவாமி கோயிலில் கப்புகனார் எனும் பூசகர் வாயைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரமின்றிப் பூசை செய்வார். திரைக்குப் பின்னால் என்ன என்று அடியார் கேட்பதில்லை. கோயிலுக்கு அந்த மௌனம் அழகு. உதவித்தொகைப் பட்டியலுக்கு அது ஆகாது. அங்கே திரையை விலக்கிக் காரணத்தைக் காட்டியே தீரவேண்டும்.