பஞ்சப்படியின் ஏற்றமும் இறக்கமும்: கோவைப் பஞ்சாலைத் தொழிலாளர் ஊதியம்

கோயம்புத்தூரின் முதல் பஞ்சாலை, 1888இல் ராபர்ட் ஸ்டேன்ஸ் நிறுவிய கோயம்புத்தூர் ஸ்பின்னிங் அண்டு வீவிங் மில். ஊர்வழக்கில் அது ஸ்டேன்ஸ் மில். ஆனால் ஆலைகள் பெருகியது 1930களில் பைக்காரா மின்சாரம் வந்த பிறகுதான். பீளமேடு, சிங்காநல்லூர், உப்பிலிபாளையம் என்று மில் சங்கு கேட்காத திக்கு அரிதானது. வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் சுற்றுக் கிராமங்களின் சிறு குடியானவர்களும் பண்ணையாட்களும். மானாவாரிக் காடும் வற்றிய கிணறும் தராத காசை ஆலை தந்தது. ஆயினும் கூலி ஆலைக்கு ஆலை வேறுபட்டது. ஒரே வேலைக்குக்கூட மேஸ்திரியின் தயவைப் பொறுத்து ஏறி இறங்கியது. ரீலிங் பிரிவில் திரளாக இருந்த பெண்களுக்கு ஆண்களைவிடக் குறைவாகவே கிடைத்தது.

1937இல் தொடங்கிய வேலைநிறுத்த அலைகள், என். ஜி. ராமசாமி போன்றோர் கட்டிய சங்கங்கள், போர்க்கால விலையேற்றம் ஆகியவை கூலிக் கேள்வியைத் தெருவுக்குக் கொண்டுவந்தன. 1946 ஜனவரி 8 அன்று ரங்கவிலாஸ் மில் தொழிலாளர் நால்வர் கோவைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். சின்னியம்பாளையம் தியாகிகள் என்று இன்றும் நினைவுகூரப்படுபவர்கள் இவர்களே. அதே ஆண்டில் ஸ்டேன்ஸ் மில் தொழிலாளர்மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. இவற்றை ஒதுக்கிவிட்டு அடுத்த ஆண்டின் ஊதியத் தீர்ப்பைப் படித்தால், அது அரசு மனமிரங்கித் தந்த கொடைபோலத் தோன்றும்.

1947இல் வந்த வெங்கடராமையா தீர்ப்பு, சென்னை மாகாணப் பஞ்சாலைகளின் ஊதியத்தை முதன்முறையாக ஒரு சீருக்குக் கொண்டுவந்தது. குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் மாதம் 26 ரூபாய். அதே காலத்தில் பம்பாய்த் தொழிலாளிக்கு நிர்ணயிக்கப்பட்டது 30 ரூபாய். இந்த 26 ரூபாயைவிட நீண்டகால விளைவு உடையது அதனுடன் இணைக்கப்பட்ட பஞ்சப்படி. வாழ்க்கைச் செலவுக் குறியீட்டெண் ஏறும்போது புள்ளிக் கணக்கில் பஞ்சப்படியும் ஏறும். விலை உயரும் ஒவ்வொரு முறையும் கேட்டில் நின்று போராட வேண்டிய நிலை இதனால் குறைந்தது. அடிப்படைச் சம்பளம் மெல்ல நகர, பஞ்சப்படி அதைத் தாண்டிப் பல மடங்காக வளர்ந்தது. வருங்கால வைப்பு நிதி, போனஸ், பணிக்கொடை ஆகிய அனைத்தும் இரண்டையும் கூட்டிய தொகைமீது கணக்கிடப்பட்டதால், அதன் பலன் ஓய்வுக்காலம் வரை நீண்டது.

அடுத்த கால் நூற்றாண்டு இந்த அடித்தளத்தின் மேல் எழுந்தது. 1955இல் இ.எஸ்.ஐ. திட்டம் கோவைக்கு வந்தது. மத்திய அரசின் பருத்தி ஆலை ஊதியக் குழு, முதல் பிரிவு ஆலைகளுக்கு 1960 முதல் மாதம் 8 ரூபாயும் 1962 முதல் மேலும் 2 ரூபாயும் உயர்வு பரிந்துரைத்தது. 1965இன் போனஸ் சட்டத்தில் 4 விழுக்காடாக இருந்த குறைந்தபட்ச போனஸ், 1970களின் தொடக்கத்தில் 8.33 விழுக்காடானது. நலிந்த ஆலைகளை 1974இல் அரசே எடுத்துக்கொண்டு தேசியப் பஞ்சாலைக் கழகத்திடம் ஒப்படைத்தது. நிரந்தரத் தொழிலாளிக்கு இவை பொற்காலம் என்றால் மிகையில்லை. வாயிலில் காத்துக் கிடந்த பதிலித் தொழிலாளிக்கு அப்படிச் சொல்ல முடியாது.

திருப்பூரில் இதே உரிமைக்கான போராட்டம் தாமதமாக வந்து வேறு திசையில் முடிந்தது. 1984இல் பனியன் தொழிலாளர் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அதன்பின் சங்கங்களும் உற்பத்தியாளர் அமைப்புகளும் கூடி ஷிப்ட் கூலியை நிர்ணயிக்கும் வழக்கம் வலுப்பட்டது. அதே வேகத்தில் வேலை சிறு யூனிட்டுகளுக்கும் பீஸ் ரேட் காண்ட்ராக்டுக்கும் சிதறியது. ஒன்றரை ஷிப்ட் பார்த்தால்தான் வாரக் கூலி குடும்பத்துக்குப் போதும் என்ற நிலை உருவானது. தையல் தொழிலுக்கான குறைந்தபட்சக் கூலியை அரசு 2014இல் உயர்த்தியபோது, நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் நீதிமன்றம் சென்றன. 2016இல்தான் சென்னை உயர் நீதிமன்றம் அந்த உயர்வை உறுதிசெய்தது.

நூற்பாலைகளில் திருப்பம் 1990களில் நேர்ந்தது. நகரத்துப் பழைய ஆலைகள் மூடப்பட்டன. புதியவை பல்லடம், உடுமலை, திண்டுக்கல் பக்கம் எழுந்தன. பெண்களின் இரவு வேலைக்கு இருந்த தடையை 2000 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியதும், விடுதியில் தங்கவைத்து மூன்று ஷிப்டும் ஆலையை ஓட்டுவது எளிதானது. சுமங்கலித் திட்டம் என்று அறியப்பட்ட முறையில், இளம்பெண்கள் பயிற்சியாளராகச் சேர்ந்து, சொற்பத் தினக்கூலியுடன் மூன்றாண்டு முடிவில் 30,000 முதல் 50,000 ரூபாய் வரை மொத்தத் தொகை பெறுவர் என்பது ஏற்பாடு. பாதியில் நின்றவர்கள் அந்தத் தொகையை இழந்தது பல ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. இந்தக் கணக்கில் பஞ்சப்படிக்கு இடமே இல்லை. இன்னொரு முரண், 1947க்குப் பிறகு ஊதியம் சீரான காலத்தில் ஆலைகளிலிருந்து படிப்படியாகக் குறைந்த பெண்கள், அந்தச் சீர் குலைந்த காலத்தில்தான் பெருந்திரளாகத் திரும்பினர். பின்னாளில் ஒடிசா, பிகார் தொழிலாளர்களும் ஒப்பந்தக் கூலியில் சேர்ந்தனர்.

நாடு முழுவதும் போக்கு இதுவே. தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தொழிலாளரில் ஒப்பந்தக்காரர் வழி வந்தோர் 2000-01இல் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு; 2022-23இல் ஐந்தில் இரண்டு பங்கு. பழைய முறையின் எச்சமாக நின்ற தேசியப் பஞ்சாலைக் கழக ஆலைகள் 2020 மார்ச் ஊரடங்கில் நின்றன; அந்த ஆலைகளின் தொழிலாளர் பாதிச் சம்பளத்துக்கு வந்தனர்.

2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த ஊதியச் சட்டத் தொகுப்பு, இதர படிகள் மொத்த ஊதியத்தில் பாதியைத் தாண்டினால் மிகுதியை ஊதியமாகவே கணக்கிடச் சொல்கிறது. அடிப்படைச் சம்பளத்தைச் சுருக்கிப் படிகளை ஊதவைக்கும் வழக்கத்துக்கு இது கடிவாளம், பணிக்கொடை கூடும். ஆனால் காண்ட்ராக்டரிடம் ஒரே தொகையாக நாள்கூலி வாங்குபவருக்குப் பிரித்துப் பார்க்கப் படியே இல்லை என்பதால், இந்த விதியால் அவர் பெறுவது சொற்பமே.